பதினான்கு நாள் காத்திருப்பு

(மருத்துவமனையின் ஆண்டு ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இந்தக் கூடுகையில் டாக்டர்கள் பேசுவார்கள், பொருளாளர் வரவு செலவு வாசிப்பார், கடைசியாக ஜெபித்து முடிக்கும்படி எங்களை அழைப்பார்கள். இம்முறை ஒரு வியாதியைக் குறித்துப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். வைத்தியத்தைப் பற்றிப் பேசப் போதகருக்கு என்ன தகுதி என்று நீங்கள் நினைக்கலாம். ஒரே ஒரு தகுதிதான் உண்டு. இந்த வியாதியை முன்னால் வைத்துக்கொண்டு, அதை அறியாமல் ஏழு மாதம் தவறு செய்தவர்கள் நாங்கள். இங்கே சொல்லப்போகும் வைத்திய விவரங்களை எங்கள் டாக்டர்கள் வாசித்துத் திருத்தித் தந்திருக்கிறார்கள். தவறு மட்டும் எங்களுடையது.

2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு சகோதரி எங்கள் அறைக்கு வந்தார். வயது 38. பீடி சுற்றிப் பிழைப்பவர். கணவர் கொத்தனார். பிள்ளைகள் இரண்டு பேர். இடுப்பெலும்பு முறிந்து பெண்கள் வார்டில் படுத்திருந்த தாயாருக்குத் துணையாக இருக்க வந்தவர். கதவருகே வெகுநேரம் தயங்கி நின்றுவிட்டு உள்ளே வந்தார்.

“ஐயா, எனக்குப் பயம் வருது. எதுக்குன்னு தெரியலை. திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிக்குது, தலை வெடிக்கிற மாதிரி வலிக்குது, உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுது. செத்துப்போயிருவேன்னு தோணுது. கால் மணி நேரத்துல எல்லாம் போயிருது” என்றார்.

நாங்கள் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டோம். வீட்டில் கடன் உண்டா? உண்டு. கணவர் குடிப்பாரா? எப்போதாவது. பிள்ளைகளைப் பற்றிக் கவலையா? எந்தத் தாய்க்கு இல்லை? காரணம் தேடினால் எந்தக் குடும்பத்தில்தான் கிடைக்காது! கவலை என்று நாங்களே முடிவு செய்து, பயப்படாமல் கர்த்தரை நம்பும்படி சொல்லி, ஜெபித்து அனுப்பினோம்.

தாயார் வீடு திரும்பிய பிறகும் மாதம் ஒருமுறை வந்துகொண்டிருந்தார். ஒருதரம் வெளிநோயாளர் பிரிவுக்கு அனுப்பினோம். இரத்த அழுத்தம் பார்த்தார்கள், சரியாக இருந்தது. சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஊரில் சிலர் பேய் என்றார்கள். யாரோ கையில் கயிறு கட்டிவிட்டிருந்தார்கள். அந்தக் கயிற்றைப் பார்த்து நாங்கள் கடிந்துகொண்டோம். அன்றைக்கு அவர் கேட்ட கேள்வி இன்னும் எங்கள் காதில் இருக்கிறது. “எனக்கு விசுவாசம் போதலையோ, ஐயா?” இல்லையம்மா, அப்படியில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் சொல்லவில்லை. இன்னும் அதிகமாய் ஜெபிக்கும்படி சொல்லி அனுப்பினோம்.

சாமுவேல் முதலாம் புத்தகத்தின் தொடக்கத்தில் வரும் ஆசாரியனாகிய ஏலியை நீங்கள் அறிவீர்கள். அன்னாள் துக்கத்தோடு உதடு மட்டும் அசைய ஜெபித்தபோது, அவள் குடித்திருக்கிறாள் என்று எண்ணிக் கண்டித்தவர். அந்தப் பகுதியை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறோம். பிரசங்க பீடத்தில் நிற்கிற ஏலி நாங்கள்தான் என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

ஒரு சிஸ்டர் செய்த காரியம்

ஆகஸ்டு மாதம் ஒரு நாள் எங்கள் அறையிலேயே அது நடந்தது. பேசி முடித்து எழுந்தவர், தரையில் வைத்திருந்த ஒயர்க்கூடையை எடுக்கக் குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் சுண்ணாம்பாக வெளிறியிருந்தது. சேலை நனையும்படி வேர்வை. தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாங்கள் வேதாகமத்தைத் திறந்தோம். அந்த வழியாகப் போன மூத்த சிஸ்டர் ஒருவர் எட்டிப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் ஓடிப்போய் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்தார். 230-க்கு 130 இருந்தது.

“ஐயா, இது வெறும் பயம் இல்லை. டாக்டரைக் கூப்பிடுங்க” என்றார் சிஸ்டர்.

இருபது நிமிடம் கழித்து டாக்டர் வந்தபோது அழுத்தம் 140-க்கு 90 ஆக இறங்கியிருந்தது. அந்தச் சகோதரி எழுந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் குறித்துவைத்த எண் இல்லாவிட்டால் அன்றைக்கும் சத்து மாத்திரையோடு திரும்பியிருப்பார். டாக்டர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டார். தலைவலி உண்டா? வேர்வை உண்டா? நெஞ்சு படபடப்பு உண்டா? மூன்றும் சேர்ந்து, விட்டுவிட்டு வருகிறதா? ஏழு மாதமாக அந்தச் சகோதரி எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது அந்த மூன்றைத்தான்.

பிரியமானவர்களே, இந்த வியாதி என்ன என்று சொல்லுகிறோம். நம் இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி வைத்தாற்போல இரண்டு சிறிய சுரப்பிகள் உண்டு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 அல்லது 5 கிராம் எடைதான். அட்ரீனல் சுரப்பி என்று பெயர். அதன் உட்பகுதியில் அட்ரினலின், நார்அட்ரினலின் என்னும் பொருள்கள் சுரக்கின்றன. வழியில் பாம்பைக் கண்டால் நெஞ்சு அடித்துக்கொள்கிறதே, வேர்க்கிறதே, அது இவற்றின் வேலை. ஓடித் தப்புவதற்காகத் தேவன் சரீரத்தில் வைத்த ஏற்பாடு. அந்த உட்பகுதியில் ஒரு கட்டி உண்டானால், பாம்பு இல்லாமலே இவை இரத்தத்தில் கொட்டும். சரீரம் முழுவதும் பயத்தின் அடையாளங்களைக் காட்டும், பயப்படக் காரணம் ஒன்றும் இராது. “எதுக்குன்னு தெரியலை” என்று அந்தச் சகோதரி சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை.

இதற்கு ஃபியோகுரோமோசைட்டோமா என்று பெயர். இறையியல் கல்லூரியில் கிரேக்கம் படித்த எங்களுக்கே நாவில் புரள மறுக்கிற பெயர். ‘ஃபாயோஸ்’ என்றால் மங்கிய கருநிறம். குரோமிய உப்புப் பட்டால் கட்டியின் அணுக்கள் கருத்துப்போவதைக் கண்டு, லுட்விக் பிக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1912-இல் இந்தப் பெயரை வைத்தார். இது அபூர்வமான வியாதி. பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 முதல் 8 பேருக்குத்தான் புதிதாகக் காணப்படுகிறது. ஆகையால் படபடப்பு உள்ளவர்கள் யாவரும் இன்று இரவு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் மேலே சொன்ன மூன்றும் சேர்ந்து திரும்பத் திரும்ப வந்தால், வந்திருக்கும் அந்த நேரத்திலேயே இரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் டாக்டர் அந்தச் சகோதரியிடம் ஒரு கேனைக் கொடுத்து, 24 மணி நேரச் சிறுநீர் முழுவதையும் அதில் சேர்க்கச் சொன்னார். அது பெரிய நகரத்து ஆய்வகத்துக்குப் போயிற்று. அட்ரினலின் சிதைந்து உண்டாகும் மெட்டாநெஃப்ரின் என்னும் பொருளை அளப்பது இந்தச் சோதனை. இரத்தத்திலும் அதை அளக்கலாம். பல மடங்கு மிகுதியாக இருந்தது. பிறகு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். வலது அட்ரீனலில் 5 சென்டிமீட்டர் கட்டி. ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கலாமே என்று நாங்கள் கேட்டோம். இந்தக் கட்டியில் அதைச் செய்யக்கூடாது என்றார் டாக்டர். ஊசி பட்டாலே கட்டி தன்னிடத்தில் உள்ளதை மொத்தமாகக் கொட்டிவிடும், உயிர் போகலாம். வாந்திக்குச் சாதாரணமாகப் போடும் மெட்டோகுளோபிரமைடு ஊசிகூட இவர்களுக்கு ஆபத்து என்று வார்டில் எழுதி ஒட்டினார்கள்.

ஏன் உடனே அறுக்கவில்லை?

இப்போது எங்கள் பேச்சின் நடுப்பகுதிக்கு வருகிறோம். இந்த வியாதிக்கு முதன்மையான சிகிச்சை அறுவைதான். பெரும்பாலானவர்களுக்கு அதுவே பூரண சுகம் தருகிறது. ஆனால் கட்டி தெரிந்த மறுநாளே அறுக்க முடியாது. பொதுவாக 7 முதல் 14 நாள் ஆயத்தம் வேண்டும், சிலருக்கு இன்னும் அதிகம்.

எங்கள் டாக்டர்கள் ஒரு பெரிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நிபுணர்களோடு தொலைபேசியில் பேசினார்கள். இதில் பழகிய அறுவை மருத்துவரும் பழகிய மயக்க மருத்துவரும் உள்ள இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று. அவர்கள் சொன்னபடி ஆயத்தத்தை எங்கள் வார்டிலேயே ஆரம்பிப்பது, பன்னிரண்டாம் நாள் அங்கே அழைத்துப்போவது என்று ஏற்பாடு.

அந்த ஆயத்தம் இதுதான். முதலில் ஆல்ஃபா தடுப்பான் என்னும் மாத்திரை. ஃபினாக்சிபென்சமைன், பிராசோசின், டாக்சாசோசின் ஆகியவை இந்த வகை. இறுகிக் கிடக்கும் இரத்தக் குழாய்களை இவை தளர்த்தும். கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டவேண்டும். அதோடு தண்ணீரும் உப்பும் தாராளமாகக் கொடுக்கவேண்டும். இரத்த அழுத்த நோயாளிக்கு ஊறுகாயோடு கஞ்சி கொடுக்கச் சொன்னபோது சமையலறையில் இருந்தவர்கள் சீட்டைத் திரும்பக் கொண்டுவந்து, தவறாக எழுதிவிட்டார்களோ என்று விசாரித்தார்கள்! குழாய்கள் தளர்ந்தபின் நெஞ்சுத் துடிப்பு மிகுதியாக இருந்தால் மட்டுமே பீட்டா தடுப்பான். இந்த வரிசையை மாற்றக்கூடாது. பீட்டா மருந்தை முதலில் கொடுத்தால் அழுத்தம் இன்னும் ஏறி ஆளையே கொன்றுவிடலாம்.

ஐந்தாம் நாள் அந்தச் சகோதரிக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. எழுந்தால் தலை சுற்றிற்று. மருந்து வேலை செய்கிற அடையாளம் என்று டாக்டர் சந்தோஷப்பட்டார். அவருடைய கணவர் சந்தோஷப்படவில்லை.

“கட்டி இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. வந்து ஏழு நாளாச்சு. மாத்திரையும் கஞ்சியும் கொடுக்கிறதுக்கா ஆஸ்பத்திரி? பணம் இல்லாதவங்கன்னு தள்ளிப்போடுறீங்க. நான் கூட்டிட்டுப் போறேன்” என்று வார்டில் சத்தம் போட்டார். பையைக்கூடக் கட்டிவிட்டார். நாங்கள் சமாதானம் சொல்லப் போனோம். எங்களைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் அதிகமாயிற்று. “ஏழு மாசம் நீங்கதான ஐயா ஜெபம் பண்ணீங்க?” என்றார். பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை.

எங்கள் அறுவை மருத்துவர் வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். “அண்ணாச்சி, நீங்க கொத்தனார்தானே? தளம் போட்டா சென்ட்ரிங் பலகையை எத்தனை நாள்ல பிரிப்பீங்க?” என்று கேட்டார்.

“பெரிய தளம்னா பதினாலு நாளாவது ஆகும், சார்.”

“அதுவரைக்கும் என்ன செய்வீங்க?”

“பாத்தி கட்டித் தண்ணி நிறுத்துவோம்.”

“வீட்டுக்காரர் அவசரப்பட்டா?”

அந்த மனிதர் பதில் சொல்லவில்லை. டாக்டர் தொடர்ந்து விளக்கினார். கட்டி பல மாதமாக இரத்தக் குழாய்களை இறுக்கி வைத்திருக்கிறது. குறுகிய குழாய்களில் இரத்தத்தின் அளவும் குறைந்திருக்கிறது. இந்த நிலையில் அறுவை செய்தால், கத்தி பட்ட நேரத்தில் அழுத்தம் வானத்துக்கு ஏறி மூளையில் இரத்தம் கசியலாம். கட்டியை எடுத்த நேரத்தில் இறுக்கம் விட்டுப்போய், அழுத்தம் பாதாளத்துக்கு இறங்கி இருதயம் நின்றுபோகலாம். குழாய்களைத் தளர்த்தி, உப்பும் தண்ணீரும் கொடுத்து நிரப்பிவைத்தால் இரண்டையும் தாங்கலாம். “இந்தப் பதினாலு நாளும் நாங்க சும்மா இல்லை. தண்ணி நிறுத்திட்டிருக்கோம்” என்றார். கணவர் பையை அவிழ்த்து வைத்தார்.

முன்னே நடந்தவை

இந்த ஆயத்தத்தின் அருமை பழைய சரித்திரத்தைப் பார்த்தால் விளங்கும். 1886-இல் ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரத்தில் 18 வயதுப் பெண் ஒருத்தி இதேபோன்ற படபடப்போடும் தலைவலியோடும் மருத்துவமனைக்கு வந்து இறந்துபோனாள். ஃபெலிக்ஸ் ஃபிராங்கல் என்னும் டாக்டர் அவளுடைய இரண்டு அட்ரீனல் சுரப்பிகளிலும் கட்டி இருந்ததை எழுதிவைத்தார். நாற்பது ஆண்டு கழித்து, 1926-இல், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் சீசர் ரூ என்பவரும், அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் சார்லஸ் மேயோ என்பவரும் இப்படிப்பட்ட கட்டிகளை முதன்முதலில் வெற்றியாய் அகற்றினார்கள். மேயோவிடம் வந்தவர் ஒரு கன்னியாஸ்திரீ. ஆல்ஃபா தடுப்பான் அப்போது கிடையாது. அவர் பிழைத்தது பெரிய கிருபை. அவருக்குப் பின் வந்த பலர் அறுவை மேசையிலேயே மரித்தார்கள். சரியான ஆயத்தம் வந்த பிறகே, பழகிய மருத்துவமனைகளில் அந்த மரணங்கள் மிக அரிதாயின.

1992-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரத்து மிஷல் கான்யே என்னும் டாக்டர், வயிற்றை நீளமாகக் கிழிக்காமல் சிறு துளைகளின் வழியே அட்ரீனல் சுரப்பியை எடுக்கும் முறையை வெளியிட்டார். இன்று பெரும்பாலான கட்டிகளை அப்படித்தான் எடுக்கிறார்கள். 6 சென்டிமீட்டருக்கு மேற்பட்டோ அக்கம்பக்கத்தில் ஊடுருவியோ இருந்தால் திறந்தே அறுக்கிறார்கள். இரண்டு பக்கமும் கட்டி இருந்தால், முடிந்தவரை சுரப்பியின் வெளிப்பகுதியில் கொஞ்சம் விட்டுவைக்கப் பார்ப்பார்கள். இரண்டையும் முழுவதும் எடுத்துவிட்டால் ஆயுள் முழுவதும் ஸ்டிராய்டு மாத்திரை வேண்டும். ஒரு நாளும் அதை நிறுத்தக்கூடாது, காய்ச்சல் வந்தால் டாக்டர் சொன்னபடி அளவைக் கூட்டவேண்டும்.

பன்னிரண்டாம் நாள் இரவு ரயிலில் அந்தச் சகோதரியையும் கணவரையும் ஒரு சிஸ்டரோடு அனுப்பினார்கள். நாங்களும் கூடப் போனோம். அந்தக் கணவர் வரச் சொல்லவில்லை, வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. பதினைந்தாம் நாள் காலை அறுவை. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பின்பு அங்கிருந்த மயக்க மருத்துவர் எங்களுக்கு விவரித்தார். கட்டியைத் தொட்டபோது அழுத்தம் ஏறத்தான் செய்தது. ஏறும் என்று தெரிந்து மருந்தைக் கையிலேயே வைத்திருந்தார்கள். கட்டியிலிருந்து வரும் இரத்தக் குழாயைக் கட்டியதும் அழுத்தம் இறங்கிற்று. அப்போது கொடுத்த மருந்து எது தெரியுமா? நார்அட்ரினலின்! அவரை அத்தனை மாதம் வாட்டிய அதே பொருளைத்தான் சொட்டுச் சொட்டாக, அளந்து, சில மணி நேரம் கொடுத்தார்கள். சர்க்கரை இறங்கிவிடாதபடி இரவு முழுவதும் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் அவர் நடந்தார்.

கட்டியோடு முடியவில்லை

அதற்கு முன்பே டாக்டர்கள் அவருடைய கழுத்தில் ஒரு சிறு முடிச்சைக் கண்டிருந்தார்கள். தைராய்டு சுரப்பியிலும் வேறொரு கட்டி. இரண்டும் ஒரே ஆளிடத்தில் இருந்தால், பெற்றோர் வழியாய் வந்த மரபணுக் குறையாக இருக்கலாம். இந்த அட்ரீனல் கட்டி உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மரபணுவில் இப்படிப் பரம்பரைக் குறை காணப்படுகிறது. இவருக்கு ரெட் என்னும் மரபணுவில் குறை இருந்தது. இங்கேயும் ஒரு வரிசை உண்டு. அட்ரீனலை முதலில் எடுத்த பிறகே தைராய்டில் கை வைக்கவேண்டும். அப்படியே சில வாரம் கழித்து அதையும் எடுத்தார்கள்.

அவருடைய தகப்பனார் 40 வயதில் வயலில் திடீரென்று விழுந்து இறந்தவராம். அது எதனால் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பிள்ளைகளைச் சோதிக்க முடியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்தக் குறை வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகனுக்கு இல்லை. 13 வயது மகளுக்கு இருந்தது. 2018-இல் அந்தப் பிள்ளையின் தைராய்டை, புற்றுநோய் பரவும் முன்னமே எடுத்துவிட்டார்கள். இப்போது அவள் தினம் ஒரு தைராக்சின் மாத்திரை சாப்பிடுகிறாள், ஆண்டுக்கு ஒருமுறை மெட்டாநெஃப்ரின் சோதனைக்கு வருகிறாள். 1886-இல் இறந்த அந்த ஜெர்மானியப் பெண்ணைச் சொன்னோம் அல்லவா? அவளுடைய குடும்பத்தில் இன்றுள்ளவர்களைச் சோதித்தபோது, அவர்களிலும் ரெட் மரபணுக் குறை இருப்பதாக 2007-இல் வெளியிட்டார்கள். அவளுக்கு ஒருவரும் செய்யக்கூடாமற்போனதை நம் ஊர்ப் பிள்ளை ஒருத்திக்குச் செய்ய முடிந்தது.

எல்லாருக்கும் இப்படி முடிவதில்லை. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 2019-இல் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். அவருக்கும் இதே வியாதி, ஆனால் எலும்புக்கும் ஈரலுக்கும் பரவிவிட்டிருந்தது. பரவினால் என்னென்ன வழி என்று அவரும் எங்களைக் கேட்டார். இந்த முறை நாங்கள் டாக்டரை அழைத்துவந்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டோம்.

அழுத்தத்தை அடக்கும் மாத்திரைகள் எல்லாருக்கும் வேண்டும். மெதுவாய் வளர்ந்தால் சிலகாலம் கவனித்துக்கொண்டே இருக்கலாம். எடுக்கக்கூடியதை அறுவையில் எடுக்கலாம். கட்டி தானே உறிஞ்சிக்கொள்ளும் எம்.ஐ.பி.ஜி. என்னும் பொருளோடு கதிரியக்க அயோடினைச் சேர்த்து உள்ளே செலுத்தலாம். லுட்டீசியம் என்னும் கதிரியக்க மருந்தையும் சிலருக்குக் கொடுக்கிறார்கள். வேகமாய் வளர்ந்தால் சைக்ளோஃபாஸ்ஃபமைடு, வின்கிரிஸ்டின், டகார்பசின் மூன்றும் சேர்ந்த கீமோ சிகிச்சை உண்டு. இவை பெரும்பாலும் கட்டியை அழித்துத் தீர்ப்பதில்லை. நாட்களைக் கூட்டித் தரும், வேதனையைக் குறைக்கும்.

ஆசிரியருக்கு எம்.ஐ.பி.ஜி. இரண்டு முறை கொடுத்தார்கள். கதிரியக்கம் குறையும்வரை சில நாள் தனி அறையில் இருக்கவேண்டும், யாரும் அருகில் போகக்கூடாது. நாங்கள் தொலைபேசியில் ஜெபித்தோம். ஏறக்குறைய மூன்று ஆண்டு இருந்தார். 2022-இல் தம் வீட்டில், வலி இல்லாமல் மரித்தார். அதற்குப் பின் புதிய செய்திகள் வந்திருக்கின்றன. சுனிடினிப் என்னும் மாத்திரையைச் சோதித்து 2024-இல் முடிவு வெளியிட்டார்கள். ஓராண்டு முடிவில் வியாதி முற்றாமல் இருந்தவர்கள் அந்த மருந்து பெற்றவர்களில் 100-க்கு 36 பேர், வெறும் மாத்திரை பெற்றவர்களில் 19 பேர். 2025 மே மாதத்தில் பெல்சுடிஃபான் என்னும் மருந்தை, பரவிய கட்டிகளுக்கும் அறுத்து எடுக்க முடியாத கட்டிகளுக்கும் அமெரிக்க அரசு அங்கீகரித்தது. நம் ஏழைகளின் கைக்கு எட்டும் விலையில் அவை வரவேண்டும் என்று ஜெபியுங்கள்.

நீங்கள் கொடுத்தது எங்கே போயிற்று?

அன்பானவர்களே, நீங்கள் கொடுத்த பணத்தில் இன்ன கருவி வாங்கினோம், இன்ன கட்டடம் கட்டினோம் என்று வருஷா வருஷம் காட்டுகிறோம். கல்வெட்டில் பெயர் பொறிக்கிறோம். ஆனால் அந்தச் சகோதரியின் பதினான்கு நாளை எங்கே காட்டுவது? கட்டில் வாடகை வாங்கவில்லை, மாத்திரைக்கு வாங்கவில்லை. கணவருக்கு இரண்டு வேளை சோறு போட்டோம். அவருக்குக் கூலி இல்லாத நாட்களில் பிள்ளைகள் பசியிராதபடி வீட்டுக்கு அரிசி அனுப்பினோம். ரயில் செலவு, சிறுநீர்ச் சோதனை, பிள்ளைகளின் மரபணுச் சோதனை, எல்லாம் உங்கள் காணிக்கையிலிருந்து போயின. வெளியே பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் நடக்காத நாட்கள் அவை. ஒரு பெண் படுத்திருந்தாள், மாத்திரை சாப்பிட்டாள், கஞ்சி குடித்தாள். அவ்வளவுதான். அந்த நாட்களுக்கு விலை கொடுக்க யாரும் இல்லாதபடியால்தான் ஏழைகள் பாதியில் பையைக் கட்டுகிறார்கள். அவர்களை அவசரப்படாமல் இருக்கச் செய்தது உங்கள் பணம்.

இன்னும் செலவு தீரவில்லை. இந்தக் கட்டியை எடுத்தவர்கள் குறைந்தது பத்து ஆண்டு, பரம்பரைக் குறை உள்ளவர்கள் ஆயுள் முழுவதும், ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்கு வரவேண்டும். நன்றாய் இருக்கிறவர்களைப் பேருந்து ஏறி வரவைப்பது வியாதியஸ்தரை வரவைப்பதைவிடக் கடினம். அதற்கு ஒரு கடிதமும், ஒரு பயணச் செலவும், வந்தால் அடையாளம் கண்டு பேசும் ஒரு சிஸ்டரும் வேண்டும். அந்த ஊழியத்தைத் தாங்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.

முடிக்கும் முன் எங்கள் கடனைச் சொல்லவேண்டும். அறுவை முடிந்து ஊர் திரும்பிய வாரத்தில் அந்தச் சகோதரியிடம் மன்னிப்புக் கேட்டோம். “அம்மா, உங்க விசுவாசத்துல ஒரு குறையும் இல்லை. நாங்கதான் தப்பாச் சொல்லிட்டோம்” என்றோம். அவர் கொஞ்சநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அதை அன்னைக்கே சொல்லியிருந்தா, ராத்திரி ராத்திரி அழுதிருக்க மாட்டேன், ஐயா” என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பின்னும் எங்கள் அறைக்கு வருகிறார். போன ஆண்டு சோதனைக்கு மகளோடு வந்தபோது, ஒரு தூக்குவாளியில் எங்களுக்குப் பாயசம் கொண்டுவந்தார். கணவரும் வந்திருந்தார், வெளியே நின்றுகொண்டார்.

ஏலி தன் தவறை அறிந்தபோது அன்னாளைச் சமாதானத்தோடே அனுப்பினார். நாங்கள் அதைத் தாமதமாகச் செய்தோம். இனி யாரிடத்திலும் தாமதிக்கக் கூடாது என்று, அந்த ஆண்டு முதல் எங்கள் மேசைமேல் வேதாகமத்துக்குப் பக்கத்தில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றை வைத்திருக்கிறோம். அதைப் பயன்படுத்த அந்த மூத்த சிஸ்டரே எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பயமாயிருக்கிறது என்று யாராவது வந்தால், முதலில் அவர்கள் கையில் பட்டையைச் சுற்றுகிறோம். தலைவலி உண்டா, வேர்வை உண்டா, படபடப்பு உண்டா என்று கேட்கிறோம். பிறகு ஜெபிக்கிறோம். இதுவரையில் எங்கள் அறையில் இந்த வியாதி வேறொருவருக்கும் அகப்படவில்லை. ஆனால் தங்களுக்கு இரத்த அழுத்தம் இருப்பதை அறியாத பலர் அகப்பட்டிருக்கிறார்கள், அவர்கள் இப்போது மாத்திரை சாப்பிடுகிறார்கள்.

வெளியே போகும்போது, வராந்தாவில் சிஸ்டர்கள் கருவியோடு உட்கார்ந்திருப்பார்கள். காப்பி குடிக்கும் முன் கையை நீட்டிவிட்டுப் போங்கள்.